எபனேசர் பட்டரிக்

உண்ண உணவும் உடுக்க உடையும் இருக்க இடமும் மக்கள் அனைவருக்கும் இன்றியமையாதன. இவற்றுள் உடையானது உடலை மூடினால் மட்டும் போதாது. உடலுக்குப் பொருந்தவும் வேண்டும். பொருந்தாத சட்டை பட்டினால் ஆயதாயினும் அணிபவருக்கு இன்பம் தராது. பொருத்தமான உடை தைப்பதற்கு உடலை அளவெடுக்கும் திறமும், அவ்வளவின்படி துணியை வெட்டும் திறமும் தேவை. நெடுங்காலம் தையற்காரர்களிடம் மட்டுமே இருந்துவந்த இத்திறத்தின் பயனை எளிய குடும்பங்களும் பெறுமாறு செய்தவர் எபனேசர் பட்டரிக் என்னும் அமெரிக்கர் ஆவார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1826ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் பட்டரிக் பிறந்தார். அவர் இளமையிலேயே தையற்கலையைப் பயின்று அதனையே தம் தொழிலாகக் கொண்டார். தையற்காரரின் வேலையில் தைப்பது எளிது, வெட்டுவதே அரிது. தவறாகத் தைத்த தையலைப் பிரித்து மீண்டும் தைக்கலாம். தவறாக வெட்டிய துணியை முன்போல் ஆக்குதல் இயலாது. ஆதலின், தேர்ந்த தையற்காரர் முதலில் மார்பு, இடுப்பு, தோள், கை முதலியவற்றை அளந்துகொள்வார். அவ்வளவுகளைக் கொண்டு வரைந்து, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்த பின்னரே கத்தரிக்கோலைக் கையில் எடுப்பார்.

அக்காலத்தில் செல்வர் வீட்டுப் பெண்டிர் தையற்காரரைக் கொண்டு உடை தைப்பித்துக்கொண்டனர். ஏனையோர் தம் குடும்பத்துக்கு வேண்டிய உடைகளைத் தாமே தைத்தனர். எலியாஸ் ஹோ 1846ஆம் ஆண்டிலும், ஐசக் சிங்கர் 1851ஆம் ஆண்டிலும் தையற்பொறிக்கு உரிமம் பெற்றனர். அதன்பின் வீட்டில் தைக்கும் வேலை விரைவாயிற்று. ஆனால், வெட்டும் வேலை முன்போலவே கடினமாக இருந்தது. மகளிர் இதழ்கள் சில, உடையின் வடிவங்களைப் படமாக வெளியிட்டன. அவை பெரும்பாலும் ஒரே அளவில் அமைந்தவை. அவற்றைத் தம் உடலின் அளவுக்கேற்பப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் பழக்கமில்லாதவருக்கு எளிதாக இல்லை. ஒரு சிறு பிழையால் விலை கொடுத்து வாங்கிய துணி வீணாவதும் உண்டு.

1863ஆம் ஆண்டில் ஒரு நாள் பட்டரிக்கின் துணைவியார் எலன், தம் சிறு மகனுக்கு உடை தைப்பதற்காக மேசைமீது துணியை விரித்து அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தார் என்பர். அவ்வேலை அவருக்கு மிகுந்த தொல்லையாக இருந்தது. குழந்தையின் அளவுக்கே அமைந்த மாதிரித்தாள் ஒன்று கிடைத்தால் எவ்வளவு எளிதாக இருக்கும் என்று அவர் தம் கணவரிடம் கூறினார். வேறு ஒருவராயின் அதனை இல்லத்தரசியின் சிறு குறை என்று எண்ணி மறந்திருப்பர். பட்டரிக் மறக்கவில்லை. அச்சொல்லில் எண்ணற்ற தாய்மாரின் தேவை அடங்கியிருப்பதை உணர்ந்தார்.

ஓர் உடையின் வடிவத்தைப் பல அளவுகளில் அமைப்பது எளிய செயலன்று. உடலின் உறுப்புகள் யாவும் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை. பிறந்த குழந்தையின் தலை, அதன் உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இருக்கும். வளர்ந்தவருக்கோ அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கே. மார்பின் சுற்றளவு நான்கு அங்குலம் கூடினால் தோளின் அகலமும் நான்கு அங்குலம் கூடிவிடாது. ஆகவே, ஒவ்வோர் உறுப்புக்கும் எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்பதைத் தனித்தனியே கணக்கிட வேண்டும். தையற்காரராகப் பெற்ற பயிற்சி பட்டரிக்குக்கு இங்குக் கைகொடுத்தது. முதலில் அவர் தடித்த தாளில் மாதிரிகளை வெட்டினார். அவற்றை மடித்து அஞ்சலில் அனுப்புவது கடினமாக இருந்தமையால், பின்னர் மெல்லிய தாளைப் பயன்படுத்தினார். அத்தாள்களில் எழுத்தோ கோடோ அச்சிடப்படவில்லை. சிறு துளைகளும் வெட்டுக்குறிகளுமே எந்தத் துண்டை எதனோடு இணைத்துத் தைப்பது என்பதை உணர்த்தின.

அவ்வாண்டிலேயே மாதிரித்தாள்கள் விற்பனைக்கு வந்தன. தொடக்கத்தில் ஆடவர்க்கும் சிறுவர்க்கும் உரிய உடைகளின் மாதிரிகளே விற்கப்பட்டன. இத்தாலி நாட்டு வீரர் கரிபால்டியின் படையினர் அணிந்த உடையைத் தழுவிய சிறுவர் உடை மாதிரியைத் தாய்மார் பெரிதும் விரும்பி வாங்கினர். 1864ஆம் ஆண்டில் பட்டரிக் தம் தொழிலை நியூயார்க் நகருக்கு விரிவுபடுத்தினார். 1866ஆம் ஆண்டு முதல் மகளிர் உடைகளுக்கும் மாதிரித்தாள்கள் வெளிவந்தன. அவருடைய நிறுவனம் தி டெலினியேட்டர் என்னும் இதழையும் வெளியிட்டது. அவ்விதழ் 1937ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. 1876ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நூறு கிளைகளும் ஆயிரம் முகவர் நிலையங்களும் அந்நிறுவனத்துக்கு இருந்தன. கடல் கடந்து ஐரோப்பிய நகரங்களிலும் அதன் மாதிரித்தாள்கள் விற்பனையாயின.

நகரத்துச் செல்வச் சீமாட்டி அணியும் உடையின் வடிவத்தைத் தொலைவிலுள்ள சிற்றூர்ப் பெண்ணும் சில காசுகளுக்கு வாங்க முடிந்தது. தன் அளவுக்கு ஏற்ற தாளைத் துணிமீது வைத்து, ஓரங்களைக் குறித்து, வெட்டித் தைத்துத் தானும் அவ்வுடையை அணிய முடிந்தது. துணி வீணாகுமே என்னும் அச்சம் நீங்கிற்று. அளவு அறியாதவர் அளவை அறிந்துகொண்டனர்.

இவ்வளர்ச்சியை முழுதும் காணும் பேறு எலனுக்கு வாய்க்கவில்லை. அவர் 1871ஆம் ஆண்டிலேயே காலமானார். பட்டரிக் 1903ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31ஆம் நாள் புரூக்ளினில் இயற்கை எய்தினார். மாதிரித்தாள்களின்மீது அச்சிடப்பட்ட பெயர் பட்டரிக்கின் பெயரேயாயினும், அவற்றுக்கு வித்திட்டது அவர் துணைவியாரின் எண்ணமே. குறையை உணர்ந்து சொன்னவர் ஒருவர். அதனைக் கேட்டுத் தீர்த்தவர் மற்றொருவர். வீட்டில் உள்ளோர் அன்றாடம் படும் தொல்லையைச் செவிகொடுத்துக் கேட்பவரே உலகத்தின் தொல்லையையும் நீக்க வல்லவர் ஆவர் என்பதற்கு எபனேசர் பட்டரிக்கின் வாழ்க்கை ஒரு நல்ல சான்றாகும்.