ஜீ.ஜீ. கொண்டுவந்த ஆலைகள்

ஜீ.ஜீ. பொன்னம்பலம் என்றதும் எங்கள் ஆட்கள் இரண்டு விடயங்களைத்தான் சொல்வார்கள். ஒன்று ஐம்பதுக்கு ஐம்பது. மற்றையது, மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோன காலத்தில் அவர் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் இருந்தது. அவருடைய குறுக்கு விசாரணை பற்றிய கதைகளை மூன்றாவதாகச் சேர்க்கலாம். அவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு தேநீர்க்கடைச் சோடனை என்று பிரிப்பது கடினம்.

நான் எழுத வருவது அவர் கைத்தொழில் அமைச்சராக இருந்த ஐந்து வருடங்களைப் பற்றி. 1948 முதல் 1953 வரையான அந்தக் காலத்தில்தான் வடக்கிலும் கிழக்கிலும் அரசின் பெருந்தொழில்கள் வேரூன்றின. நாட்டின் செல்வம் கொழும்பைச் சுற்றிக் குவிவது பற்றி இன்றும் பேசுகிறோம். மத்திய வங்கியின் மாகாணவாரிக் கணக்கில் மேல் மாகாணத்தின் பங்கு ஏறத்தாழ 40 வீதம். வட மாகாணத்தின் பங்கு 5 வீதத்தைக்கூட எட்டுவதில்லை. இந்த இடைவெளியை ஒரு அமைச்சரால் எவ்வளவு குறைக்க முடியும் என்பதற்கு ஜீ.ஜீ.யின் வாழ்க்கையை விட நல்ல பாடம் எங்களிடம் இல்லை.

1901இல் பிறந்த அவர், வடமராட்சி அல்வாயைப் பூர்வீகமாகக் கொண்டவர். கேம்பிரிட்ஜில் முதலில் படித்தது சட்டமல்ல, இயற்கை விஞ்ஞானம். அதில் முதல் வகுப்பில் தேறினார். 1934இல் பருத்தித்துறையிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1944இல் தமிழ்க் காங்கிரஸை உருவாக்கி, சோல்பரி ஆணைக்குழுவின் முன் சமபல பிரதிநிதித்துவம் கேட்டு வாதாடினார். ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. 1947 தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் அருணாசலம் மகாதேவாவைத் தோற்கடித்தார். அடுத்த வருடமே, யாரை எதிர்த்து வாதாடினாரோ அவர்களுடைய அமைச்சரவையில் போய் அமர்ந்தார்.

அமைச்சுப் பொறுப்பு கைத்தொழிலும் மீன்பிடியும். உள்ளே இருந்து தமிழ்ப் பகுதிக்கு ஏதாவது செய்யலாம் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் பாதி பலித்தது.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. இவற்றையெல்லாம் அவரே கனவு கண்டு அவரே கட்டியதுபோல மேடைகளில் சொல்வார்கள். அது மிகை. அரசே தொழிற்சாலைகளை நடத்தும் யோசனை இரண்டாம் உலக யுத்த காலத்திலேயே கொழும்பில் இருந்தது. யோசனை கோப்பில் தூங்குவதும் புகைபோக்கியாக எழுந்து நிற்பதும் வேறு வேறு. அமைச்சரவையில் அதற்காகச் சண்டை பிடிக்க ஒருவர் வேண்டும். இருந்தவர் ஜீ.ஜீ.

இடத்தெரிவில் தயவு எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீமெந்துக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் காங்கேசன்துறை நிலத்தின் அடியில் கிடந்தது. களிமண் மன்னார்ப் பக்கம் முருங்கனில் இருந்தது. ரயில் பாதை அங்கேதான் முடிகிறது, துறைமுகமும் பக்கத்தில். பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை எழுந்ததற்கு ஆனையிறவு உப்பு காரணம்: உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் எரிசோடாவும் குளோரினும் கிடைக்கும். ஒன்று சவர்க்காரத்துக்கு, மற்றது குடிநீரைச் சுத்தமாக்க. வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு மூலப்பொருள் வயல்களின் வைக்கோல். வைக்கோலைக் கூழாக்க எரிசோடா வேண்டும். ஆக, உப்பும் கல்லும் வைக்கோலும் ஒன்றையொன்று தாங்கும் ஒரு சங்கிலி. விஞ்ஞானம் படித்த அமைச்சருக்கு இதை யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை. பரந்தனும் வாழைச்சேனையும் உற்பத்திக்கு வந்தபோது அவர் பதவியில் இல்லை.

காங்கேசன்துறை பிற்காலத்தில் தென்னிலங்கைக்கும் வேலை கொடுத்தது. அங்கே சுட்ட கிளிங்கர் காலிக்குப் போய், அங்குள்ள ஆலையில் அரைபட்டுச் சீமெந்தானது. என் அம்மாவின் தமையன் காங்கேசன்துறை ஆலையில் வேலை செய்தவர். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தேடி ரயிலேறிக் கொழும்புக்குப் போகாமல், சைக்கிளில் வேலைக்குப் போய் மத்தியானம் வீட்டில் சாப்பிட்ட ஒரு தலைமுறையில் அவரும் ஒருவர். அந்தச் சாப்பாட்டில் சீமெந்துத் தூசியும் கலந்திருந்தது என்று மாமி சொல்வார். கல் தோண்டிய பள்ளங்கள் இன்னும் மூடப்படவில்லை.

கணக்கின் மறு பாதிக்கு வருகிறேன். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜீ.ஜீ., அமைச்சரான பின்னர் 1949இன் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தை ஆதரித்தார். தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமையும் போயிற்று. செல்வநாயகமும் வன்னியசிங்கமும் நாகநாதனும் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். ஆலைகளைக் காட்டி இதை நியாயப்படுத்த முடியாது என்பதே என் கருத்து. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தைத் தேயிலையில் சம்பாதித்துக் கொடுத்த மக்கள் நாடற்றவர்களானார்கள். இலங்கையின் பிரதேச ஏற்றத்தாழ்வுகளில் லயன் அறையை விடக் கொடியது ஏது?

அதே வருடம் கல்லோயாத் திட்டமும் தொடங்கியது. அதுவும் பின்தங்கிய நிலத்தை முன்னேற்றும் திட்டம் என்றே சொல்லப்பட்டது. தமிழரசுக் கட்சி அதைக் குடியேற்றமாகப் பார்த்தது. ஒரே அமைச்சரவை, ஒரு மேசையிலிருந்து கிழக்குக்குக் கடதாசி ஆலை, இன்னொரு மேசையிலிருந்து கிழக்கின் குடித்தொகையையே மாற்றும் நீர்ப்பாசனம். முதலாவதைப் பெற்றவருக்கு இரண்டாவதைத் தடுக்கும் பலம் இருக்கவில்லை.

ஆனால் மக்கள் உடனே ஜீ.ஜீ.யைக் கைவிட்டுவிடவில்லை. 1952 தேர்தலில் தமிழ்க் காங்கிரஸுக்கு நான்கு ஆசனங்கள், தமிழரசுக் கட்சிக்கு இரண்டு. சீமெந்துத் தொழிற்சாலை இருந்த காங்கேசன்துறையிலேயே செல்வநாயகம் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளரிடம் தோற்றார். புகைபோக்கிக்கும் அந்தத் தோல்விக்கும் எவ்வளவு தொடர்பு என்று அளக்க வழியில்லை. தொடர்பே இல்லை என்று நான் நம்பமாட்டேன்.

1953 ஒக்டோபரில், பிரதமராகிச் சில நாட்களே ஆன சேர் ஜோன் கொத்தலாவல அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கினார். கொழும்பில் ஒரு ஆசனம் போனதோடு, வடக்கின் கைத்தொழிலுக்காக வாதாடும் குரலும் போயிற்று. ஆலைகள் அரச கூட்டுத்தாபனங்களின் கைக்குச் சென்றன. இயந்திரம் காங்கேசன்துறையில், தீர்மானம் கொழும்பில். யாழ்ப்பாணத்துக்கென்று அதில் கேள்வி கேட்கக்கூடிய ஒரு பிரதேச சபைகூட இருக்கவில்லை. அப்படியொன்றைக் கேட்டவர்கள் சமஷ்டிக்காரர். அவர்களை ஜீ.ஜீ. எதிர்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில்தான் அவர் மீது எனக்கு ஆதங்கம்.

1956இல் தனிச் சிங்களச் சட்டத்தின் நிழலில் நடந்த தேர்தலில் தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களை வென்றது. காங்கிரஸில் தப்பியவர் ஜீ.ஜீ. மட்டுமே. 1960இல் அல்பிரட் துரையப்பாவிடம் தோற்றார், 1965இல் மீண்டார், 1970இல் மறுபடி தோற்றார். 1972இல் பழைய எதிராளிகளோடு ஒரே கூட்டணியில் சேர்ந்தார். 1976இல் அமிர்தலிங்கம் முதலியோருக்கு எதிரான ட்ரயல் அட் பார் வழக்கில் அவர்களுக்காக வாதாட எழுந்தார். அதே தரப்புச் சட்டத்தரணிகளில் செல்வநாயகமும் இருந்தார். 1977 பெப்ரவரி 9ஆம் திகதி மலேசியாவில் ஜீ.ஜீ. காலமானார். செல்வநாயகமும் ஏப்ரலில் போய்விட்டார்.

பரந்தன் யுத்தத்தில் நின்றது. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது காங்கேசன்துறைச் சூளையும் அணைந்தது; சுற்றியிருந்த ஊர்கள் வெறுமையாகி உயர் பாதுகாப்பு வலயமாயின. வாழைச்சேனை தள்ளாடித் தள்ளாடி மூடியது. அந்த வருடங்களில் வடக்குக்கு அனுப்பத் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் சீமெந்தும் ஒன்று.