நஞ்சின் சுவடு கண்ட ஓர்ஃபிலா

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அகப்படாமல் கொலை செய்ய எண்ணியோர் பலர் நாடியது வெள்ளைப் பாஷாணத்தையே. ஆர்செனிக் கலந்த அந்நஞ்சுக்கு மணமில்லை; சுவையும் இல்லை எனலாம். எலிகளைக் கொல்லவென்று கடையில் எளிதாக வாங்கலாம். உண்டவர் வாந்தியும் பேதியுமாகி இறந்தால், காலரா என்றே ஊரார் எண்ணுவர். இறந்தவரோடு உண்மையும் புதைந்துவிடும். அவ்வாறு புதைந்த உண்மையை வெளிக்கொணர்ந்த அறிஞர் மத்தியூ ஓர்ஃபிலாவின் வாழ்வை இங்குக் காண்போம்.

ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மினோர்க்கா தீவில் 1787-ஆம் ஆண்டு பிறந்த இவர், பாரிஸ் நகரில் மருத்துவம் பயின்றார். 1813-இல் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகையில், காப்பியில் ஆர்செனிக்கைக் கலந்து சோதித்துக் காட்டினார். நூல்கள் கூறிய நிறம் தோன்றவில்லை! உணவோடு கலந்த நஞ்சை அன்றைய சோதனைகளால் கண்டறிய இயலாது என்பதை உணர்ந்த அவர், ஆராய்ச்சியில் முனைந்தார். நஞ்சுகளைப் பற்றிய அவரது பெருநூல் அடுத்த ஆண்டே வெளிவரத் தொடங்கியது. நஞ்சு வயிற்றோடு நில்லாமல், இரத்தத்தின் வழியே கல்லீரல் முதலிய உறுப்புகளையும் அடைகிறது என்பதைப் பிற்காலச் சோதனைகளால் நிறுவினார்.

1840-இல் பிரான்சு நாட்டுத் தூல் நகர நீதிமன்றத்தில், கணவருக்கு நஞ்சூட்டியதாக மரி லஃபார்ஜ் என்னும் பெண் நிறுத்தப்பட்டார். 1836-இல் ஆங்கிலேயரான மார்ஷ் வெளியிட்ட நுட்பமான புதுச் சோதனையை உள்ளூர் வல்லுநர்கள் செய்து, உடலில் நஞ்சில்லை என்றனர். பாரிசிலிருந்து அழைக்கப்பட்ட ஓர்ஃபிலாவோ, அதே சோதனையால் உறுப்புகளில் ஆர்செனிக்கைக் கண்டார். அது தாம் பயன்படுத்திய இரசாயனங்களிலிருந்தோ, கல்லறை மண்ணிலிருந்தோ வந்ததன்று என்பதையும் ஆராய்ந்தே அறிவித்தார். மரிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஆயினும் தாம் குற்றமற்றவர் என்றே மரி இறுதிவரை கூறினார். வழக்கைப் பற்றிய விவாதமும் ஓயவில்லை. ஏனெனில் சோதனைக்குழாய் நஞ்சைக் காட்டும். அதைக் கலந்த கையைக் காட்டாது. அதைக் கண்டறிய சாட்சிகளும் சான்றுகளும் நடுநிலை தவறாத நீதிபதிகளும் வேண்டும். மேலும், கைதேர்ந்தவர் ஒருவர் நஞ்சைக் கண்ட உடலிலேயே, பிறர் ஒன்றும் காணவில்லை. அக்குறையால் குற்றவாளி தப்பலாம்; குற்றமற்றவர் தண்டனையும் பெறலாம்.

ஓர்ஃபிலா 1853-இல் காலமானார். சோதனைப் பொருளையே முதலில் சோதித்த அவரது நிதானம், மாணவியராகிய நமக்கும் வேண்டும். ஒருவர்மீது பழி சுமத்துமுன், நம் கையிலுள்ள ஆதாரம் தூயதுதானா என்று நாமும் பார்ப்போமாக.