ஒரு டாலருக்குக் கைமாறிய உயிர் மருந்து: டாக்டர் பான்டிங்

இனிப்பு நீர் நோயாளிகள் பலர் இன்சுலின் ஊசி என்றாலே அஞ்சுகின்றனர். அந்த ஊசி இல்லாத காலத்தில், இந்நோய் கண்ட சிறுவர்கள் ஓரிரு ஆண்டுகளிலேயே இறந்து போயினர். அரைப்பட்டினி போடுவதுதான் அன்றிருந்த வைத்தியம். அந்நிலையை மாற்றியவர்களுள் முக்கியமானவர் கனடாவின் டாக்டர் பிரெடரிக் பான்டிங்.

1891 நவம்பர் 14ஆம் தேதி, ஒன்டாரியோ மாநிலத்தின் அலிஸ்டன் எனும் ஊரில் விவசாயக் குடும்பத்தின் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். டொரண்டோவில் மருத்துவம் பயின்றவர், முதல் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிக் காயமடைந்தார். 1920இல் கிளினிக் திறந்தார். முதல் மாத வருமானம் 4 டாலர்தான். செலவைச் சமாளிக்கப் பல்கலைக்கழகத்தில் பகுதி நேரமாகப் பாடம் நடத்தினார்.

அப்படி ஒரு பாடத்திற்காகப் படித்த இரவில்தான் கணையம் பற்றிய எண்ணம் அவருக்கு உதித்தது. இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையத்திற்கு இரண்டு வேலைகள். சோறு, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றைச் செரிக்க வைக்கும் நீரைக் குழாய் வழியாகச் சிறுகுடலுக்கு அனுப்புவது ஒன்று. அதனுள் திட்டுத் திட்டாக உள்ள உயிரணுக்கள் இன்சுலின் எனும் ஹார்மோனை நேராக இரத்தத்தில் கலப்பது மற்றொன்று. இரத்தத்தில் உள்ள சர்க்கரை உடலுக்குப் பயன்பட இன்சுலின் வேண்டும்.

கணையத்தை அரைத்து மருந்தெடுக்கும்போது செரிமான நீரே அந்த ஹார்மோனை அழித்துவிடுகிறது என்று பான்டிங் கருதினார். குழாயைக் கட்டிவிட்டால் செரிமான நீர் சுரக்கும் பகுதி சுருங்கிவிடும். பிறகு மருந்தெடுக்கலாம் என்பது அவர் திட்டம்.

1921இல் டொரண்டோவில் பேராசிரியர் மெக்லியோட் ஆய்வுக்கூடம் கொடுத்தார். மாணவர் சார்லஸ் பெஸ்ட் துணை நின்றார். நாய்களிடம் நடத்திய சோதனை பலன் தந்தது. மருந்தைச் சுத்திகரிக்க ஜேம்ஸ் கோலிப் சேர்ந்தார்.

1922 ஜனவரி 11ஆம் தேதி, 14 வயது லெனார்ட் தோம்சனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சிறுவனின் எடை 30 கிலோகூட இல்லை. மருந்து சுத்தமாக இல்லாததால் முதல் முயற்சி சரிவரவில்லை. கோலிப் சுத்திகரித்த மருந்து ஜனவரி 23இல் போடப்பட்டதும் சர்க்கரை இறங்கியது. சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

மருத்துவர் மருந்தை வைத்துப் பணம் பண்ணுவது முறையல்ல எனக் கருதிய பான்டிங், காப்புரிமையில் தம் பெயரைச் சேர்க்க மறுத்தார். மற்றவர்களும் அந்த உரிமையை ஆளுக்கு 1 டாலருக்கே பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். 1923இல் மெக்லியோட்டுடன் நோபல் பரிசு பெற்ற பான்டிங், தம் பரிசுத் தொகையைப் பெஸ்ட்டுடன் பகிர்ந்துகொண்டார். 1941 பிப்ரவரியில், தமது 49ஆவது வயதில், விமான விபத்தில் காலமானார்.

அவர் பிறந்த நவம்பர் 14தான் இன்று உலக நீரிழிவு தினம். இன்சுலின் போடச் சொன்னால் கடைசிக் கட்டம் வந்துவிட்டது என்று பொருளல்ல. கணையத்தால் செய்ய முடியாத வேலையை அந்த ஊசி செய்கிறது.