எண்ணி எண்ணியவர்

1880-இல் எடுத்த குடிக்கணக்கைக் கூட்டி முடிக்க அமெரிக்க அரசுக்கு ஏழெட்டு ஆண்டுகள் பிடித்தன. தொட்டிற் குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகு கணக்கு வருகிறது, தோழர்களே! எழுத்தர்கள் சோம்பேறிகளா? இல்லை, குறை ஆளிடமில்லை, முறையிலே இருந்தது. வயதுக்கு ஒருமுறை, தொழிலுக்கு ஒருமுறை என்று அதே ஏடுகளை மீண்டும் மீண்டும் புரட்டினர்.

அக்கணக்கெடுப்பிலே பணியாற்றிய இளைஞர் ஹெர்மன் ஹாலரித். ஜெர்மனியிலிருந்து குடியேறியோர் மகன், பிறப்பு 1860. வேலை நடக்கும் வழியைக் கண்டார், வழியை மாற்றினார். ஆளுக்கோர் அட்டை, செய்திக்கோர் துளை. துளைவழி மின்சாரம் பாயும், எண்முள் நகரும். 1890-இல் ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் தொகை அவ்வாண்டுக்குள்ளேயே வெளிவந்தது. 1929-இல் அவர் மறைந்தார்.

பொறி வாங்கக் கோடி கோடியாகக் கொட்டும் அரசுகளுக்கு நாம் கூறுவது இதுதான்: முதலிலே வேலையை ஆராயுங்கள், பிறகு பொறியைத் தேடுங்கள். இன்றேல் குழப்பம் குறையாது. விரைவாக நடக்கும், அவ்வளவே!