கல்லில் உறங்கிய கடல்

நுழையும் முன்

நிலத்தின் வரலாறு அரசர்களோடு தொடங்குவதன்று. மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் நிலத்தின் ஒரு பகுதியில் கடல் அலைவீசியது. அக்கடலின் உயிர்களை உலகறியச் செய்தவர் கடலே இல்லாத நாட்டில் பிறந்தவர். அவர் வாழ்வைக் கூறுவது இப்பாடம்.

குன்றும் கடலும்

செஞ்சிக்கு அருகிலுள்ளது சிங்கவரம். அங்குள்ள குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில் அரங்கநாதர் கோயில் அமைக்கப்பட்டது. உளியின் கூர்மையைச் சோதிக்கும் அக்கடும்பாறையில் தொல்லுயிர்களின் சுவடு எதுவும் இல்லை. நிலத்தின் ஆழத்தில் பெருவெப்பத்தில் உருவான பாறை அது. அங்கிருந்து புதுச்சேரி நோக்கிச் சென்றால், வழுதாவூர்ப் பகுதியில் மண்ணின் இயல்பு மாறுகிறது. கடற்படிவால் உருவான பாறைகளில் சிப்பிகளும் சுருள் ஓடுகளும் கல்லாகிக் கிடக்கின்றன. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் இத்தகைய பாறைகள் மேலும் பரந்து காணப்படுகின்றன. இவை கிரெட்டேசியக் காலக் கடலின் எச்சங்கள். அவற்றை முழுமையாக ஆராய்ந்து நூலாக்கியவர் பெர்டினான்ட் ஸ்டோலிச்கா.

காட்டில் வளர்ந்த சிறுவன்

இன்றைய செக் நாட்டின் மொராவியப் பகுதியில், குரோமெரீஷ் நகருக்கு அருகில் 1838ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் ஸ்டோலிச்கா பிறந்தார். தந்தை காடுகளைப் பேணும் பணியாளர். பறவையும் விலங்கும் இளமையிலேயே அவருக்கு அறிமுகமாயின. வியன்னாவில் எடுவர்ட் சூஸ் முதலிய அறிஞர்களிடம் நிலவியல் பயின்றார். 1861இல் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, இந்திய நிலவியல் அளவைத் துறையின் தலைவர் தாமஸ் ஓல்டாமின் கீழ்ப் பணியாற்றக் கல்கத்தா வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்து நான்கு.

பத்தாண்டுப் பெரும்பணி

தென்னிந்தியத் தொல்லுயிர் எச்சங்களைக் கே, கன்லிஃப் என்னும் இருவர் முன்னரே திரட்டியிருந்தனர். அவற்றை 1846இல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் விளக்கி எழுதினார். பின்னர் எச். எஃப். பிளான்போர்டு திருச்சிராப்பள்ளிப் பகுதியை நேரில் அளந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். இவ்வாறு குவிந்த ஆயிரக்கணக்கான கற்களுக்கு அடையாளம் காணும் பொறுப்பு ஸ்டோலிச்காவிடம் வந்தது.

ஒவ்வொரு கல்லையும் அவர் ஐரோப்பிய எச்சங்களோடு ஒப்பிட்டார். ஓட்டின் வரிகளையும் மடிப்புகளையும் நுணுகி நோக்கினார். முன்னோர் தந்த பெயர்களில் பிழை கண்டவிடத்துத் திருத்தினார். கணவாயின் தொலைதூர உறவான அம்மோனைட்டுகளில் தொடங்கி, நத்தை இனங்கள், இருவோட்டுச் சிப்பிகள், கடல்முள்ளெலிகள், பவளங்கள் வரை ஆராய்ச்சி நீண்டது. 1873இல் நிறைவுற்ற அப்பணி நான்கு தொகுதிகளாக, ஏறத்தாழ 1,500 பக்கங்களில் விரிந்தது. ஊட்டத்தூரும் அரியலூரும் உலக நிலவியலாரின் மேசைகளில் இடம்பெற்ற பெயர்களாயின.

உயிர்களின் நண்பர்

இறந்த உயிர்களோடு அவர் அறிவு நின்றுவிடவில்லை. இமயத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கில் பாறைகளை அளந்தார். அங்குக் கிடைக்கும் அம்மோனைட்டு எச்சங்களை ஒத்த கற்களையே நம் மக்கள் சாளக்கிராமம் என வணங்குகின்றனர். அந்தமான், பர்மா, கட்சு ஆகிய இடங்களிலும் பறவை, பாம்பு, நத்தை, சிலந்தி எனப் பலவற்றைத் திரட்டி ஆய்ந்தார். கட்சில் கண்ட புதர்ச்சிட்டு ஒன்றை 1872இல் அவர் விவரித்தார். அப்பறவை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. வறண்ட புல்வெளிகளை நம்பி வாழும் அது, வாழிடம் சுருங்குவதால் இன்று அருகி வருகிறது.

இறுதிப் பயணம்

1873இல் யார்க்கண்டு தூதுக்குழுவில் இயற்கை ஆய்வாளராக இணைந்தார். காஷ்கர், பாமிர் ஆகிய பகுதிகளைக் கண்டு திரும்பும் வழியில், 1874 ஜூன் மாதம் காரகோரம் கணவாயைக் கடந்தபோது கடுந்தலைவலி அவரைத் தாக்கியது. மெலிந்த காற்றும் குளிரும் உடலை வாட்டியபோதும் பாறைகளை ஆராய்வதை அவர் கைவிடவில்லை. ஜூன் 19ஆம் நாள், லடாக்கின் முர்கோவில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறே. லே நகரில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. அவர் சேகரித்த உயிரினங்களும் எழுதிவைத்த குறிப்புகளும் பின்னர் நூல்களாக வெளிவந்தன.

நம் கடமை

அம்மோனைட்டுப் பேரினம் ஒன்று ஸ்டோலிச்காயா என்று அவர் பெயரைத் தாங்குகிறது. அதன் ஓடுகள் ஊட்டத்தூர்ப் படிவுகளிலும் கிடைக்கின்றன. உலகின் பல நாடுகளில் பாறைகளின் வயதைக் கணிக்கவும் அப்பேரினம் துணைசெய்கிறது. அரியலூரின் சுண்ணாம்புக்கல்லோ இன்று சிமெண்டாக மாறி நாடெங்கும் செல்கிறது. வாழ்வுக்கு வேண்டிய பொருள்தான் அது. ஆயினும் வெட்டி அரைக்கப்படும் கல்லோடு படிக்கப்படாத ஏடுகளும் அழிகின்றன. எஞ்சியவற்றைக் காக்கும் முயற்சியாக அரியலூர் மாவட்டத்து வாரணவாசியில் தொல்லுயிர் எச்ச அருங்காட்சியகம் அமைந்துள்ளது. எங்கோ பிறந்த ஒருவர் பத்தாண்டுக் காலம் கண்விழித்துப் படித்த கற்கள் நம் காலடியில் கிடக்கின்றன. அவற்றைக் கண்டறிந்து காப்பதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.