பள்ளியில் தமிழ் வழி, கூடவே இந்தி: அவினாசிலிங்கம் எடுத்த 2 முடிவுகள்

கோவையில் அவினாசிலிங்கம் என்றதும் பலருக்கும் மகளிர் பல்கலைக்கழகம்தான் ஞாபகம் வரும். ஆனால், தமிழ்நாட்டின் மொழிக் கொள்கையிலும் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியாருக்குப் பெரிய பங்கு உண்டு.

யார் இவர்?

1903ல் திருப்பூரில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படித்தவர், காந்தி வழியில் போய் சிறைக்கும் சென்றார். 1930ல் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். பின்னாளில் பெரியநாயக்கன்பாளையத்தில் பெரிய கல்வி வளாகமாக வளர்ந்தது அதுதான்.

ஒரே துறை, நான்கு மொழி

1946ல் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானார். அப்போது மாகாணம் என்றால் இன்றைய தமிழ்நாடு மட்டும் இல்லை. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என நான்கு மொழிப் பிள்ளைகளுக்கும் ஒரே கல்வித் துறை. உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலத்தின் பிடி இறுக்கமாக இருந்தது. பாடங்களைத் தாய்மொழியில் நடத்துவது என்ற முடிவை அவர் தீவிரமாகச் செயல்படுத்தினார்.

உத்தரவு போட்டால் போதுமா? அறிவியலைத் தமிழில் நடத்த கலைச்சொல் வேண்டும், புத்தகம் வேண்டும். அதற்காகவே 1946ல் தமிழ் வளர்ச்சிக் கழகம் உருவானது. தமிழின் முதல் நவீன கலைக்களஞ்சியத்தை அது கையில் எடுத்தது. முதன்மை ஆசிரியர், அவரது வித்யாலயத்தில் பணியாற்றிய ஈரோட்டுப் பகுதிக்காரர் பெரியசாமித் தூரன். 1954ல் முதல் தொகுதி வந்தது. 1968ல் பத்தாவது தொகுதியோடு பணி முடிந்தது.

சிக்கல் எங்கே வந்தது?

1948ல் ஓமந்தூரார் அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. துறை அமைச்சர், தமிழ் வழிக்காக உழைத்த இதே அவினாசிலிங்கம்தான். தேசத்துக்கு ஒரு பொதுமொழி தேவை என்பது காங்கிரஸ்காரர்கள் பலரின் நம்பிக்கை. பெரியார் தலைமையில் திராவிடர் கழகம் தெருவில் இறங்கியது. தமிழறிஞர்கள் பலரும் எதிர்த்தார்கள். 1949ல் அவர் பதவியில் இருந்து விலகிவிட்டார். 1950ல், அடுத்து வந்த அரசு இந்தியை விருப்பப் பாடமாக மாற்றியது.

என்ன மிஞ்சியது?

இரண்டு முடிவுகளும் ஒரே துறையிலிருந்து வந்தவைதான். கட்டாய இந்தி இரண்டே வருடத்தில் போய்விட்டது. தமிழ் வழி நிலைத்தது. ஒன்று மேலிருந்து வந்த கட்டாயம். இன்னொன்றுக்குப் பின்னால் சொல் சொல்லாகச் சேர்த்த உழைப்பு இருந்தது.

1991ல் அவினாசிலிங்கம் காலமானார். அந்தக் கலைக்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இன்று போனிலேயே புரட்டிப் பார்க்கலாம்.