வட்டத்தொட்டியும் ரசிகமணியும்

தமிழ் வளர்க்கும் அமைப்புகள் நம் நாட்டில் பல தோன்றியுள்ளன. 1901ஆம் ஆண்டு பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச்சங்கமும், 1911ஆம் ஆண்டு தஞ்சையை அடுத்த கரந்தையில் தோன்றிய தமிழ்ச்சங்கமும் ஏடுகளைத் தொகுத்தன, இதழ்களை நடத்தின, அறிஞர்களைப் போற்றின. அவற்றின் பணியை ஆண்டறிக்கைகளும் மலர்களும் எடுத்துரைக்கும். ஆனால் சங்கங்களுக்குரிய கட்டுக்கோப்பு ஏதுமின்றி, ஒருவருடைய வீட்டு முற்றத்தில் கூடி, ஒரு பாட்டைச் சுவைத்து, வாய்விட்டுச் சிரித்துக் கலைந்த நண்பர் குழாம் ஒன்றும் தமிழ் இலக்கிய வரலாற்றில் நிலையான இடம் பெற்றிருக்கிறது. அதுவே நெல்லை வண்ணாரப்பேட்டையில் கூடிய வட்டத்தொட்டி. அதன் நடுநாயகமாக விளங்கியவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார்.

டி.கே.சி. 1882ஆம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தார். முன்னோர் வாழ்ந்த ஊர் தென்காசி. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, பின்னர்ச் சட்டமும் படித்துத் தேறினார். ஆயினும் வழக்குமன்றம் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொள்ளவில்லை. கட்சிக்காரர்களின் ஆவணங்களைக் காட்டிலும் கம்பனின் விருத்தங்களே அவரை ஈர்த்தன. 1920களின் பிற்பகுதியில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையராகப் பணியாற்றினார். இவை மதிப்புக்குரிய பதவிகளே. எனினும் இன்று அவரை நினைப்போர் எவரும் அப்பதவிகளுக்காக நினைப்பதில்லை. மாலை வேளைகளில் நண்பர்களோடு அமர்ந்து கவிதை பேசியவர் என்றே நினைக்கிறார்கள்.

நண்பர்கள் கூடிய வட்டமான முற்றமே அக்குழாத்துக்குப் பெயராயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவர்கள் வந்து சேர்வார்கள். டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார். அதை அவசரமின்றிச் சொல்வார்; மீண்டும் சொல்வார்; சந்தியைப் பிரித்து, பொருள் நிற்கும் இடத்தில் நிறுத்திச் சொல்வார். அருஞ்சொற்பொருள், இலக்கணக் குறிப்பு என்னும் வழக்கமான வாயில்கள் வழியாக அவர் பாட்டுக்குள் நுழைவதில்லை. அந்தப் பாட்டைப் பாடியவன் எந்த மனநிலையில் நின்று பாடினான், எந்தச் சொல் எந்த உணர்ச்சியை ஏந்தி வருகிறது, ஓசை எங்கே தாழ்கிறது, எங்கே எழுகிறது என்பனவே அங்கு எழுந்த வினாக்கள். கவிதைக்கு உருவம் உண்டு. அவ்வுருவம் சிதைந்தால் கவிதையே இல்லை என்பது அவருடைய உறுதியான கொள்கை. பிற்காலத்தில் நூல்களை அச்சிட்டபோதும் பாடல் அடிகளைப் பொருளுக்கேற்பப் பிரித்து அமைத்தார். முற்றத்தில் குரலால் செய்ததைத் தாளில் அச்செழுத்தால் செய்தார் எனலாம்.

அங்குக் கூடியவர்கள் யார் என்பது கருதத்தக்கது. தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் அரசு அதிகாரி. பின்னாளில் மாவட்ட ஆட்சியர். எஸ். மகாராஜன் நீதித்துறையைச் சார்ந்தவர். உயர்நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்தவர். அ. சீனிவாசராகவன் ஆங்கிலப் பேராசிரியர். மீ.ப. சோமு எழுத்தாளர், வானொலியில் பணியாற்றியவர். இராஜாஜியும் கல்கியும் டி.கே.சி.யின் நெருங்கிய நண்பர்களாக இருந்தார்கள். தமிழைத் தொழிலாகக் கொண்ட புலவர்களைக் காட்டிலும், தமிழைச் சுவைக்க வந்த பிற துறையினரே அந்த வட்டத்தில் மிகுதி. அலுவலகத்தில் பட்டமும் பதவியும் பேசலாம். முற்றத்தில் பாட்டுக்கு முன் அனைவரும் ஒரே நிலையினர். இந்தச் சமன்மையே அக்குழாத்தின் முதல் இயல்பு.

இரண்டாவது இயல்பு, அஞ்சாமை. பழம்பாடல் என்பதற்காகவோ, பெரும்புலவர் பாடியது என்பதற்காகவோ எந்தப் பாட்டும் அங்கே வணக்கம் பெறவில்லை. நெஞ்சைத் தொடாத பாடல், எத்தனை உரையாசிரியர்கள் விளக்கம் எழுதியிருந்தாலும், சிரிப்புக்கு ஆளாயிற்று. யமகமும் திரிபும் சொல் வித்தைகளாகவே எண்ணப்பட்டன. அதே வேளையில் ஏட்டுப் புலமை பொருட்படுத்தாத கும்மிப் பாட்டும் நாட்டுப் பாடலும் உயர்ந்த ஆசனம் பெற்றன. திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியும், கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனைகளும் கம்பனோடு ஒரே பந்தியில் அமர்ந்தன. முத்தொள்ளாயிரத்தில் எஞ்சிய பாடல்களைப் பொதுவாசகர் நாவில் தவழச்செய்த பெருமையில் டி.கே.சி.க்குப் பெரும்பங்கு உண்டு. தம் காலத்துக் கவிஞரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் எளிய பாடல்களில் உயர்கவிதையைக் கண்டு ஊரறியச் சொன்னவரும் அவரே.

1940களின் தொடக்கத்தில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, கல்கியும் இராஜாஜியும் நின்ற பக்கத்தில் அவரும் நின்றார். பொருள் தெரிந்து பாடுவதும் பொருள் தெரிந்து கேட்பதும் இசைக்கு இழுக்காகா என்னும் எளிய உண்மையை அன்று வாதிட்டு நிறுவ வேண்டியிருந்தது. முற்றத்தில் பயின்ற சுவையுணர்வு அவரைப் பொதுமேடைக்கும் அழைத்துச் சென்றது.

சா. கணேசன் 1939ஆம் ஆண்டு காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியபோது அம்முயற்சிக்கு ஊக்கம் அளித்தவர்களுள் டி.கே.சி.யும் ஒருவர். கம்பனைத் தமிழ்நாட்டின் வீடுகளுக்குள் கொண்டு சேர்த்ததில், கல்கி இதழில் அவர் எழுதிய தொடருக்கு ஈடாகச் சொல்லத்தக்கவை சிலவே. ஆனால் அவர் புகழுக்கு வாயிலாக அமைந்த கம்பனே அவர்மீது கடுங்கண்டனம் எழவும் காரணமானான். கம்பராமாயணம் என வழங்குவது பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. அவற்றுள் பெரும்பகுதி கம்பன் வாக்கல்ல. பிற்காலத்தார் எழுதிச் சேர்த்தவை என்று டி.கே.சி. துணிந்தார். தம் செவிக்கும் உள்ளத்துக்கும் ஒவ்வாதவற்றை ஒதுக்கினார்; சிலவற்றில் சொற்களையும் திருத்திக்கொண்டார். எஞ்சியவற்றைக் கம்பர் தரும் இராமாயணம் என்னும் பெயரில் விளக்கத்தோடு வெளியிட்டார். புலவர் உலகம் கொதித்தெழுந்தது. அக்கொதிப்பை வெறும் பொறாமை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது.

இங்கு நாம் சற்று நின்று எண்ண வேண்டும். கம்ப காவியத்தில் இடைச்செருகல்கள் உண்டு என்பதை ஏடுகளை ஒப்பிட்ட பதிப்பாசிரியர்களும் ஏற்றுக்கொண்டனர். அவற்றை மிகைப்பாடல்கள் எனத் தனியே பிரித்தும் காட்டினர். ஆகவே டி.கே.சி. எழுப்பிய ஐயம் அடிப்படையற்றதன்று. ஆனால் ஐயத்தைத் தீர்க்க அவர் கைக்கொண்ட வழி வேறு. அதே நெல்லைச் சீமையில் பிறந்த பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை சுவடிகளைத் தேடினார், பாடவேறுபாடுகளைக் குறித்தார், சான்று கிடைத்த அளவே சொன்னார். டி.கே.சி.யோ தம் சுவையையே சான்றாகக் கொண்டார். சுவை ஆளுக்கு ஆள் வேறுபடும். காலத்துக்குக் காலமும் மாறும். பெருங்கவிஞனும் சில வேளைகளில் தளர்ந்து பாடுவான் என்பதற்கு அவர் இடம் வைக்கவில்லை. நல்ல பாட்டெல்லாம் கம்பனுடையது, நலிந்த பாட்டெல்லாம் பிறருடையது என்று முடிவு கட்டினால், கம்பன் நம் விருப்பத்தின் நிழலாகிவிடுவான்.

ஒத்த உள்ளத்தினர் கூடும் முற்றத்துக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஒருவர் சிரித்தால் அனைவரும் சிரிப்பர். ஒருவர் ஒதுக்கினால் அனைவரும் ஒதுக்குவர். மறுத்துரைக்கும் குரல் ஒன்று அருகில் இல்லாதபோது, பழைய அதிகாரத்தை எள்ளிய சிரிப்பே புதிய அதிகாரமாக மாறிவிடக் கூடும். பண்டிதரின் சொல்லை அப்படியே ஏற்கலாகாது என்று கற்பித்தவரின் சொல்லையும் அப்படியே ஏற்காதிருப்பதே அவர் காட்டிய வழியில் நடப்பதாகும்.

மற்றொன்றையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. வட்டத்தொட்டியைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் பேசுவோராக நாம் காண்பவை பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே. டி.கே.சி. இல்லத்தின் விருந்தோம்பலை நண்பர்கள் பலரும் வியந்து எழுதியுள்ளனர். இலக்கிய விருந்தும் இலை விருந்தும் ஒன்றையொன்று விஞ்சின என்பர். அந்த விருந்து அடுக்களையிலிருந்து வந்தது. முற்றத்தில் சீதையின் துயரும் கைகேயியின் மனமாற்றமும் ஆராயப்பட்ட வேளையில், அவற்றைத் தம் வாழ்வால் அறிந்த பெண்கள் என்ன எண்ணினார்கள் என்பது பதிவாகவில்லை. அக்கால வழக்கம் அது. தனியொருவரைக் குறைகூறிப் பயனில்லை. ஆயினும் சுவையே சான்று என்று ஓர் அவை கொள்ளுமானால், யாருடைய சுவை அங்கே கேட்கப்பட்டது, யாருடையது கேட்கப்படவில்லை என்னும் வினா எழுந்தே தீரும். இன்று கல்லூரி வகுப்பறைகளில் கம்பனைப் பாடம் சொல்லும் என் போன்ற பெண்கள் பலர். அந்த முற்றத்தின் சிரிப்பை நாங்கள் விரும்பிப் படிக்கிறோம். அதன் வாயிலை இன்னும் சற்று அகலத் திறந்திருக்கலாம் என்றும் எண்ணுகிறோம்.

பிற்காலத்தில் டி.கே.சி. குற்றாலத்தில் தங்கி வாழ்ந்தார். அருவிக்கு வந்த நண்பர்கள் அவரையும் நாடி வந்தார்கள். வட்டத்தொட்டி இடம் மாறித் தொடர்ந்தது. வர இயலாத நண்பர்களுக்குக் கடிதங்கள் சென்றன. வீட்டுச் செய்தியும், வேடிக்கையும், நடுவே ஒரு பாட்டின் நயமுமாக அமைந்த அக்கடிதங்கள் அவர் மறைவுக்குப் பின் நூலாகின. தமிழில் கடித இலக்கியம் என்று எண்ணத் தொடங்கினால் அவற்றைத் தவிர்த்தல் இயலாது. வாழ்வில் அவர் துன்பம் அறியாதவரல்லர். ஒரே மகனை இளவயதில் இழந்தார். எந்தத் தந்தையையும் முடக்கிப்போடும் அத்துயருக்குப் பின்னரும் அவர் கவிதையையும் நண்பர்களையும் கைவிடவில்லை. அவருடைய சிரிப்பு துயரறியா மனிதரின் விளையாட்டு என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1954ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் டி.கே.சி. மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கவிமணியும் டிசம்பரில் கல்கியும் மறைந்தனர். பாடியவரும், பாட்டைச் சுவைத்தவரும், அச்சுவையை இதழ்வழி ஊரெங்கும் பரப்பியவரும் ஓராண்டுக்குள் விடைபெற்றனர். சொத்தும் கட்டடமும் விதிமுறையும் இல்லாத அந்தக் குழாம் அதன் நாயகரோடு ஓய்ந்தது. ஆயினும் அதில் அமர்ந்து எழுந்தவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. மகாராஜன் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழாக்கினார். பாஸ்கரத் தொண்டைமான் தஞ்சைக் கலைக்கூடம் உருவாக உழைத்ததோடு, கோயில்களையும் சிற்பங்களையும் எளிய நடையில் எழுதிக்காட்டினார். மீ.ப. சோமுவும் சீனிவாசராகவனும் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றனர். முற்றத்தில் பெற்ற பயிற்சியை அவரவர் துறைக்கு அவரவர் எடுத்துச் சென்றனர்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்துக்கு இவ்வாழ்வு சொல்லும் செய்தி தெளிவானது. நம்மிடம் உறுப்பினர் பட்டியலும் வரவு செலவுக் கணக்கும் இருக்கின்றன, அவை தேவையே. அவற்றோடு ஒரு பாட்டை மூன்று முறை சொல்லிக் கேட்கும் பொறுமையும், பிடிக்கவில்லை என்று கூசாமல் சொல்லும் துணிவும் வேண்டும். பிடிக்காததைக் கிழித்தெறியுமுன் ஏட்டைப் புரட்டிப் பார்க்கும் அடக்கமும், இதுவரை பேசாதவர் பக்கம் திரும்பி அவர் கருத்தைக் கேட்கும் பண்பும் சேருமானால் டி.கே.சி. விட்ட இடத்திலிருந்து நாம் ஓரடியேனும் முன்னே சென்றவர்களாவோம். ரசிகமணிக்கு நாம் செலுத்தத்தக்க நன்றிக்கடன் அதுவே.